‘தேய்மானம்’ என்று போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழை முப்பது வருடத்துக்கும் மேலாக வாங்குகிறேன். குறை சொல்லி எழுதுவது இதுதான் முதல் தடவை. (ஒருமுறை பேருந்து நேரத்தைத் தப்பாகப் போட்டதற்கு ஒரு கார்டு எழுதினேன். அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.)

அக்டோபர் 20, உலக எலும்புப்புரை நாளையொட்டி முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். மகிழ்ச்சி. ஆனால் தலைப்பிலேயே ‘எலும்புத் தேய்மானமா? ஒரு டம்ளர் பால் போதும்!’ என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டீர்கள். உள்ளே, உடம்பில் கால்சியம் குறைவதுதான் இந்த நோய் என்று மூன்று இடத்தில் வருகிறது. பக்கத்திலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டியின் படம். தலைப்பு, காரணம், படம், மூன்றும் தப்பு.

நான் அரசு மருத்துவமனைகளில் 35 வருடம் எக்ஸ்ரே டெக்னீஷியனாக இருந்து 2013இல் ஓய்வு பெற்றவள். டாக்டர் இல்லை. ஆனாலும் எலும்பை நிறையப் பார்த்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

தேய்மானம் என்பது மூட்டுக்கு. இரண்டு எலும்பு சேரும் இடத்தில் மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பு தேய்வது. அது வலிக்கும். மாடி ஏறும்போது வலிக்கும், சம்மணம் போட்டால் வலிக்கும், நோயாளி தானாக ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவார். எலும்புப்புரை வலிக்காது. எலும்பின் உள்ளே கண்ணறை கண்ணறையாகப் பெரிதாகி, பழைய மரத்தூண் உளுத்துப் போவதுபோலப் போய்க்கொண்டே இருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. என்றைக்கு உடைகிறதோ அன்றைக்குத்தான் தெரியும். ‘புரை’ என்று நம் மொழியில் எவ்வளவு பொருத்தமான சொல் இருக்கிறது! அதை விட்டுவிட்டு ‘தேய்மானம்’ என்று போட்டதால், முழங்கால் வலிக்காத அத்தனை பெண்களும் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு ராசிபலனுக்குப் போயிருப்பார்கள்.

நான் வேலையில் சேர்ந்த காலத்தில் ஃபிலிமை இருட்டறையில் டெவலப்பரில் முக்கி, கழுவி, ஃபிக்ஸரில் போட்டு, கிளிப்பில் தொங்கவிட்டுக் காயவைக்க வேண்டும். முதல் மாதத்திலேயே சீனியர் அண்ணன் ஒருவர் சொல்லிக்கொடுத்தார்: “வயசான பொம்பளையாளுக வந்தா கே.வி.யைக் கொஞ்சம் குறைச்சு வைம்மா. இல்லேன்னா படம் கருத்துப்போயிரும்.” கே.வி. என்பது கதிரின் ஊடுருவும் வலுவைக் கூட்டிக் குறைக்கும் அளவு. ஏன் குறைக்க வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எலும்பு கதிரை மறிக்கும்; மறித்த இடம் ஃபிலிமில் வெள்ளையாக விழும். மறிக்க எலும்பு போதவில்லையென்றால் கதிர் ஊடே போய் ஃபிலிமைக் கருக்கிவிடும். அவ்வளவுதான் விஷயம். குமிழைத் திருப்பும்போதெல்லாம் நான் அந்த நோயைக் கண்டுபிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன், அதற்குப் பெயர் இருப்பது தெரியாமலே. இத்தனைக்கும் சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பு வெளிறித் தெரிய வேண்டுமென்றால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காவது போயிருக்க வேண்டும். நாங்கள் பார்த்தது எல்லாமே தாமதமாகப் பார்த்ததுதான்.

என் அம்மா விஷயத்திலும் அதேதான்.

அம்மா நத்தம் பக்கம் கிராமத்தில் தனியாக இருந்தார். ஒரு பொங்கலுக்குப் போனபோது, “ஏத்தா, நீ வாங்கியாந்த உள்பாவாடை தரையைக் கூட்டுது. கடைக்காரன் அளவைத் தப்பாக் குடுத்துட்டான்” என்றார். எடுத்துக்கொண்டு போய் டெய்லரிடம் கொடுத்து ஓர் அங்குலம் மடித்துத் தைத்து வந்தேன். இரண்டு வருடம் கழித்து மறுபடியும் அதே புகார். மறுபடியும் மடித்தேன். பிறகு விளக்கு மாடம் எட்டவில்லை என்று ஒரு முக்காலி போட்டுக்கொண்டார். தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது ஒருநாள் முதுகில் சுளீரென்றது. வாயுப் பிடிப்பு என்று மூன்று வாரம் எண்ணெய் தேய்த்துவிட்டார்கள். ஒவ்வொன்றும் என்னிடம் சொல்லப்பட்டது. நான் ஆஸ்பத்திரியில் தினமும் முப்பது பேருடைய முதுகெலும்பைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு மட்டும் பாவாடையை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தேன்.

2001இல் அடுப்படியிலிருந்து முற்றத்துக்கு இறங்கும் படியில் விழுந்தார். படி என்றால் ஒரு சாண் உயரம்கூட இல்லை. ஆம்புலன்ஸில் வந்து இறக்கும்போதே இடது கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தது. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அதற்கு மேல் படம் எடுக்க வேண்டியதில்லை, தொடை எலும்பின் கழுத்து போய்விட்டது என்று தெரியும். படத்தை நானேதான் எடுத்தேன். கே.வி.யைக் குறைத்து வைத்தேன். கூடவே, யாரும் எழுதிக்கொடுக்காமலேயே முதுகெலும்பைப் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்தேன். மூன்று முள்ளெலும்புகள் முன்பக்கம் நசுங்கி ஆப்பு மாதிரி ஆகியிருந்தன. டெய்லர் மடித்த அங்குலங்கள் அங்கே இருந்தன.

பார்த்த டாக்டர் ரத்த ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, “கால்சியம் நார்மலாத்தான் இருக்கு. எலும்புல ஒண்ணும் இல்ல. வயசாச்சு, விழுந்தாங்க, உடைஞ்சுது” என்றார். உங்கள் கட்டுரையைப் படித்தபோது எனக்கு அந்த வாக்கியம்தான் ஞாபகம் வந்தது. இந்த நோய் என்றாலே கால்சியம் குறைவுதான் என்று நம்பினால், கால்சியம் சரியாக இருந்தால் நோய் இல்லை என்றுதானே ஆகும்?

மறுவாரம் அந்தப் படங்களை எங்கள் மருத்துவப் பேராசிரியர் ஒருவரிடம் காட்டினேன். ஓய்வு பெற இன்னும் சில மாதமே இருந்தவர், யாரிடமும் அதிகம் பேசமாட்டார். வியூ பாக்ஸில் மாட்டி வெகுநேரம் பார்த்துவிட்டு, “கால்சியம் நார்மல்ங்கறதுதான்மா இதுக்கு அடையாளமே” என்றார். “ஆல்பிரைட்டைப் படிச்சவங்க இப்படிச் சொல்ல மாட்டாங்க.” கல்லூரி நூலகத்திலிருந்து அட்டை பிய்ந்த ஒரு கனமான புத்தகத்தைத் தன் பெயரில் எடுத்துக் கொடுத்தார். அந்த ஆல்பிரைட் எழுதி 1948இல் வந்தது. என் ஆங்கிலம் டிப்ளமோ ஆங்கிலம்தான். அகராதியை வைத்துக்கொண்டு எட்டு மாதம் படித்தேன். அபராதம் அவர்தான் கட்டினார். ஆல்பிரைட் என்ற அந்த மனிதரைப் பற்றி அதற்குப் பிறகு கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் முழுப் பக்கத்தில் அவருக்கு ஒரு வரிகூட இல்லை என்பதுதான் என் உண்மையான மனக்குறை.

ஃபுல்லர் ஆல்பிரைட் 1900ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் பஃபலோ நகரில் பிறந்தவர். அப்பா பெரிய பணக்காரர். அந்த ஊருக்கு ஓவியக் கூடமே கட்டிக்கொடுத்தவர். மகன் ஹார்வர்டில் மருத்துவம் முடித்து, பாஸ்டனில் இருக்கும் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக்கு வந்தார். அங்கே ஜோசப் ஆப் என்பவரிடம் சேர்ந்து ஈயநஞ்சு பிடித்த தொழிலாளிகளைப் பற்றிய ஆராய்ச்சி. ஈயம் உடம்புக்குள் போனால் கால்சியத்தோடு சேர்ந்து எலும்புக்குள் போய்ப் பதுங்கிக்கொள்ளும். அதை வெளியே இழுக்க, கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் இருக்கும் பாராதைராய்டு சுரப்பியின் சாற்றை ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். எலும்பு என்றால் அசையாத கல் என்று நாம் நினைக்கிறோம். அவருக்கு ஆரம்பத்திலேயே அது ஒரு கிடங்காகத் தெரிந்திருக்கிறது: சரக்கு வரும், போகும், சாவி கழுத்தில் இருக்கிறது.

பிறகு ஒரு வருடம் வியன்னாவில், யாக்கோப் எர்ட்ஹைம் என்ற நோய்க்கூறு நிபுணரிடம். பிணத்தை அறுத்துப் பார்த்து, எலும்பு வியாதிக்கும் அந்தச் சுரப்பிகளுக்கும் உறவு இருப்பதை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் எர்ட்ஹைம். அந்த நகரத்தில்தான் 1925இல் ஒரு டிராம் கண்டக்டரின் கழுத்திலிருந்து பாராதைராய்டுக் கட்டியை முதன்முதலாக எடுத்தார்கள்.

இனி கேப்டன் கதை. இதை நான் எங்கள் தெருவில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது, உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

சார்லஸ் மார்ட்டெல் என்று ஒரு கப்பல் கேப்டன். ஆறடிக்கு மேல் இருந்த ஆள். முதல் உலகப்போர் முடிந்த பிறகு எலும்புகள் உடைய ஆரம்பித்தன. 1926இல் பாஸ்டனுக்கு வந்து சேர்ந்தபோது ஏழு அங்குலம் உயரம் குறைந்திருந்தார். ஏழு அங்குலம்! என் அம்மாவுக்குப் போனது இரண்டு, மூன்றுதான். அவர் வியாதி எலும்புப்புரை இல்லை. பாராதைராய்டு சுரப்பி ஒன்று கட்டியாகிக் கட்டுக்கடங்காமல் சுரந்து, எலும்பிலிருந்து கால்சியத்தை ரத்தத்துக்கு இறைத்துக்கொண்டிருந்தது. கழுத்தைத் திறந்து தேடினார்கள், கிடைக்கவில்லை. மறுபடி திறந்தார்கள், கிடைக்கவில்லை. இப்படி ஆறு தடவை. அந்தக் காலம் முழுக்க அவர் என்ன சாப்பிட்டார், என்ன கழித்தார், அதில் கால்சியம் எவ்வளவு என்று அளந்துகொண்டிருந்த குழுவில் ஆல்பிரைட் ஒருவர். கேப்டன் சும்மா படுத்திருக்கவில்லை. உடற்கூறு நூல்களைத் தேடிப் படித்தார். கழுத்தில் இல்லையென்றால் மார்புக்குள் இருக்கலாம், அங்கே பாருங்கள் என்று அவரே வற்புறுத்தினார். 1932இல் ஏழாவது அறுவையில், நெஞ்செலும்புக்குப் பின்னால் அந்தக் கட்டி கிடைத்தது. ஆனால் அதற்குள் சிறுநீரகத்தில் கற்கள் சேர்ந்துவிட்டிருந்தன. அதற்கான சிகிச்சையின்போது, சில வாரங்களில் இறந்துபோனார்.

நோயாளியே தன் வியாதியைத் தேடிப் படித்துக் கண்டுபிடித்துச் சொன்னார் என்பதற்காக எனக்கு இந்தக் கதை பிடிக்கும். கூகுள் பார்த்துவிட்டு வருகிறீர்களா என்று நம்மிடம் எரிந்துவிழும் டாக்டர்கள் கொஞ்சம் யோசிக்கலாம். அது இருக்கட்டும்.

மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ‘நான்காம் வார்டு’ என்று பத்துக் கட்டில் கொண்ட ஒரு சின்ன வார்டு. அங்கே நோயாளிக்கு வைக்கும் ஒவ்வொரு கவளமும் எடைபோடப்படும். தட்டில் மிச்சம் வைத்தால் அதுவும். சிறுநீர், மலம் ஒன்றையும் விடாமல் சேகரித்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். உள்ளே போன கால்சியம் எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு? வரவு செலவுக் கணக்கு. இந்த வேலையை யார் செய்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஆய்வறிக்கையில் பெயர் வராத நர்ஸ்களும், சமையல்காரர்களும், ஆய்வக உதவியாளர்களும்தான். ஆனால் அந்த நாற்றமடிக்கும் கணக்கிலிருந்துதான் ஆல்பிரைட் குழம்பிக் கிடந்த வியாதிகளைப் பிரித்தெடுத்தார்.

எலும்பு மெலிந்தால் எல்லாம் ஒன்றுதான் என்று இருந்ததை அவர் மூன்றாகப் பிரித்து நிறுத்தினார். கட்டடம் கட்டுபவர்களுக்குச் சொல்வதுபோலச் சொல்கிறேன். கம்பி கட்டியாகிவிட்டது, ஆனால் கான்கிரீட் போடச் சிமெண்டு இல்லை: அது எலும்பு மென்மையாகிப் போகும் நோய், வைட்டமின் டி போதாமல் வருவது. எலும்புச் சத்துகளில் ஒன்றான பாஸ்பரஸ் ரத்தத்தில் குறைந்திருக்கும். கட்டி முடித்த தூணை ஒருவன் பெயர்த்துச் சிமெண்டை வெளியே கொட்டிக்கொண்டிருக்கிறான்: அது கேப்டனுக்கு வந்தது, ரத்தத்தில் கால்சியம் ஏறியிருக்கும். மூன்றாவதில் சிமெண்டும் குறைவில்லை, கம்பியும் குறைவில்லை. இருக்கிற தூண்கள் நல்ல தூண்கள்தான். பத்துத் தூண் இருக்க வேண்டிய இடத்தில் ஆறுதான் இருக்கிறது. அதுதான் எலும்புப்புரை. ரத்தத்தில் கால்சியம், பாஸ்பரஸ் எல்லாம் சரியாகவே இருக்கும். என் அம்மாவின் ரிப்போர்ட் மாதிரி.

பத்தில் நான்கு ஏன் காணாமல் போகிறது? ஆல்பிரைட் கவனித்தது, முதுகெலும்பு நசுங்கி வருபவர்களில் மிகப் பெரும்பாலோர் மாதவிலக்கு நின்ற பெண்கள் என்பதை. அதிலும் சூலகத்தை, அதாவது சினைப்பையை, அறுவையில் எடுத்துவிட்டவர்களுக்கு இது இளவயதிலேயே வந்தது. அதே நேரத்தில் வேறு ஆராய்ச்சியாளர்கள் புறாவைப் பற்றி எழுதியிருந்ததும் அவர் கண்ணில் பட்டது. பெண் புறா முட்டையிடுவதற்கு முன்னால் அதன் எலும்புகளின் உள்குழாய் முழுக்கப் புதிதாக எலும்பு வளர்ந்து நிறைகிறது. முட்டை ஓட்டுக்கான சுண்ணாம்பை முன்கூட்டியே சேர்த்துவைக்கிறது. முட்டை இட்டதும் அது கரைந்துவிடும். சூலகத்தில் சுரக்கும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனை ஆண் பறவைக்கு ஊசியாகப் போட்டாலும் அதே மாதிரி எலும்பு வளர்ந்தது. நாங்களும் வீட்டில் கோழி வளர்த்தவர்கள்தான். முட்டை ஓடு மெலிந்தால் சோற்றோடு கிளிஞ்சல் பொடி கலந்து போடுவோம். அதற்கு மேல் எங்களுக்கு யோசிக்கத் தெரியவில்லை.

1941இல் பட்ரிசியா ஸ்மித், அன்னா ரிச்சர்ட்ஸன் என்ற இரண்டு பெண்களோடு சேர்ந்து, மாதவிலக்குக்குப் பிந்தைய எலும்புப்புரை என்று அந்த நோயைத் தனியாக வரையறுத்து அவர் எழுதினார். நான்காம் வார்டில் அப்படிப்பட்ட பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்ததும், உடம்பைவிட்டு வெளியே போன கால்சியம் குறைந்தது. சாப்பாடு அதேதான். அதே பால், அதே ரொட்டி. அதுவரை தங்காமல் போன கால்சியம் இப்போது தங்கியது. ஆசிரியரே, உங்கள் ஒரு டம்ளர் பாலுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

பாலை யாரும் கொட்டிவிட வேண்டாம். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, களியும் கூழும் தாராளமாகச் சாப்பிடுங்கள். செங்கல் வேண்டும்தான். ஆனால் கொத்தனார் வராத வீட்டு வாசலில் லாரி லாரியாகச் செங்கல் இறக்கி என்ன பயன்?

இவ்வளவும் செய்த மனிதரின் கை நடுங்கிக்கொண்டிருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். முப்பத்தைந்து வயதைத் தாண்டியபோதே அவருக்குப் பார்க்கின்சன் நோய் வந்துவிட்டது. நான் மேலே சொன்ன முக்கால்வாசி வேலையும் அதற்குப் பிறகு செய்ததுதான். எழுத முடியாமல் போனது, சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள். பேச்சு குழறிப்போனது, பழகியவர்களுக்குத்தான் புரியும். அந்தக் கனமான 1948ஆம் வருடப் புத்தகம், எட்வர்ட் ரீஃபன்ஸ்டைனோடு சேர்ந்து எழுதியது, அந்த நிலையில் வந்ததுதான். இளம் ஆராய்ச்சியாளர்களுக்கு அவர் சொன்ன புத்திமதிகளில் ஒன்று, எதையாவது அளந்து பார் என்பது. பெரியவர் சொல்லிவிட்டார் என்பதற்காக ஒன்றை நம்பிவிடாதே என்பதையும் சொல்லியிருக்கிறார்.

1956இல், நடுக்கத்தை நிறுத்த மூளைக்குள் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஆல்கஹால் செலுத்தும் அறுவைக்கு ஒத்துக்கொண்டார். அப்போது புதிது. தன் உடம்பையும் ஒரு பரிசோதனையாகத்தான் பார்த்தாரோ என்னவோ. மூளைக்குள் ரத்தக்கசிவு ஏற்பட்டு நினைவு தப்பியது. அதற்குப் பிறகு 13 வருடம், தான் வேலை பார்த்த அதே மருத்துவமனையில், பேச்சில்லாமல் படுத்திருந்து 1969 டிசம்பரில் இறந்தார். பார்க்கின்சனுக்கு எல்-டோபா என்ற மருந்து நடைமுறைக்கு வந்துகொண்டிருந்த நேரம் அது. இந்தப் பகுதியைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, மறுபடி எடுக்க இரண்டு வாரமானது.

அவர் சொன்னது எல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் அவருக்கே பிடிக்காது. எலும்பு கட்டும் செல்கள் சோர்ந்துபோவதுதான் காரணம் என்று அவர் நினைத்தார். பின்னால் வந்தவர்கள் கண்டது வேறு. எலும்பை இடிக்கும் செல்களும் உண்டு. எலும்பு காலமெல்லாம் இடித்துக் கட்டப்படுகிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் முதலில் இடிப்பவன் கைதான் ஓங்குகிறது, கட்டுபவனால் ஈடுகொடுக்க முடிவதில்லை. ஆல்பிரைட் கொத்தனாரைக் கவனித்தார், கடப்பாரைக்காரனைக் கோட்டைவிட்டார். ஈஸ்ட்ரோஜன் மருந்தும் அப்படி ஒரேயடியாக நல்லதாக முடியவில்லை. 2002இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில், ஹார்மோன் எடுத்த பெண்களுக்கு இடுப்பு முறிவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் மார்பகப் புற்றும் பக்கவாதமும் கூடின.

இடிப்பவனை அடக்கும் மருந்து வேறு வழியில் வந்தது. தண்ணீர்க் குழாய்களில் சுண்ணாம்பு படியாமல் தடுக்கும் பாஸ்பேட் வகை ரசாயனங்களைப் பார்த்து, இவை எலும்பில் என்ன செய்யும் என்று சுவிட்சர்லாந்தில் ஹெர்பர்ட் ஃப்ளைஷ் 1960களில் ஆராய்ந்தார். அந்த வழியில் வந்த அலெண்ட்ரோனேட் மாத்திரைக்கு 1995இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. உடைந்த இடுப்பு மூட்டின் பந்தை மாற்றும் அறுவைக்குப் பிறகு பேராசிரியர் என் அம்மாவுக்கு எழுதிக்கொடுத்ததும் அதுதான். வாரம் ஒன்று. காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரம் படுக்கக் கூடாது, எதுவும் சாப்பிடக் கூடாது; இல்லையென்றால் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். அம்மாவுக்கு இடுப்பில் கத்தி வைத்ததுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. “அரை மணி நேரம் காப்பி குடிக்காம இருக்கணுமா? அப்படியாப்பட்ட மருந்து எனக்கு வேணாம்டி!” ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் திண்ணையில் உட்காரவைத்து, நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருப்பேன். எட்டு வருடம் வாக்கரோடு நடந்தார். 2009இல் தூக்கத்தில் போய்ச் சேர்ந்தார். இரண்டாவது தடவை எதுவும் உடையவில்லை.

இனி உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். ‘இலவச எலும்பு அடர்த்தி முகாம்’ என்று குதிகாலை ஒரு பெட்டிக்குள் வைத்துப் பார்ப்பதைப் படம் போட்டிருந்தீர்கள். அது கேளா ஒலியில் பார்ப்பது. இது எலும்புப்புரைதான் என்று சொல்ல உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்த மைனஸ் 2.5 என்ற அடர்த்தி எல்லை, இடுப்பையும் முதுகெலும்பையும் அளக்கும் டெக்சா ஸ்கேனுக்குப் பொருந்துவது. குதிகால் பெட்டி காட்டும் எண்ணை அப்படியே அந்த எல்லையோடு ஒப்பிடக் கூடாது. மேல்பரிசோதனைக்குப் போகலாமா என்று பார்க்க அது உதவும், அவ்வளவே. எங்கள் ஊரில் நடந்த ஒரு முகாமில் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு அழுதுகொண்டே என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு மாதத்துக்கான கால்சியம் மாத்திரையும் இருந்தது, முகாம் நடத்திய கம்பெனியுடையது. டெக்சா எடுத்தோம், வயதுக்குச் சரியாகவே இருந்தது. அழ வேண்டியவள் அவளுடைய அண்ணி. முப்பத்தெட்டு வயதில் கர்ப்பப்பையை எடுத்தவள், மணிக்கட்டை ஒருமுறை உடைத்துக்கொண்டவள், முகாமுக்கே வராதவள்.

கர்ப்பப்பை எடுத்த பெண்கள் நம் பக்கத்தில் எத்தனை பேர்! சூலகத்தையும் சேர்த்து எடுத்தார்களா என்று கேட்டால் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. டிஸ்சார்ஜ் சீட்டு எங்கேயோ பரணில் கிடக்கும், அல்லது கிடக்காது. சூலகம் போயிருந்தால் அவர்களுடைய எலும்புக்கு மாதவிலக்கு நின்றது அன்றைக்கே. ஆல்பிரைட் எண்பது வருடத்துக்கு முன்னால் பார்த்ததும் இந்தப் பெண்களைத்தான். உங்கள் முழுப் பக்கத்தில் இதற்கு இரண்டு வரி ஒதுக்கியிருந்தால் அந்தச் சீட்டைத் தேடச் சொல்லியாவது இருப்பீர்கள்.

உயரத்தை அளக்கவும் சொல்லியிருக்கலாம். செலவே இல்லை. எங்கள் வீட்டுக் கொல்லைப்புற நிலைக்கதவில் என் உயரத்துக்கு ஒரு பென்சில் கோடு உண்டு. பொங்கலுக்குப் பொங்கல் செருப்பில்லாமல் குதிகாலை ஒட்டி நின்று, பேரன் தலையில் புத்தகத்தை வைத்துக் கோடு போடுவான். 2002இலிருந்து இருக்கிறது. இடையில் ஒரு தடவை வெள்ளையடிக்க வந்தவர் அழித்துவிட்டார். நான் போட்ட சத்தத்தில் அவர் அடுத்த நாள் வரவில்லை. மருமகள் வாங்கி வரும் உள்பாவாடையின் நீளத்தையும் நான் இப்போது கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அடுத்த அக்டோபருக்குத் தலைப்பில் ‘எலும்புப்புரை’ என்றே போடுங்கள். முழங்கால் படம் வேண்டாம். கூன் விழுந்த ஒரு முதுகைப் போடுங்கள். நம் ஊரில் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் கிடைக்கும்.

கடிதம் நீண்டுவிட்டது, இடமில்லை என்று நீங்கள் வெட்டுவீர்கள், தெரியும். என் அம்மாவின் கதையை வெட்டிக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தமில்லை. கேப்டனையும் புறாவையும் மட்டும் விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
ஓய்வுபெற்ற எக்ஸ்ரே டெக்னீஷியன்,
திண்டுக்கல்.